செயல்: மற்றவை

காலை ஏழேகாலுக்கு
ஹால்வார்டின் முதுகுத் தொட்டியில்
நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன்.
தோலை முப்பத்துநாலு டிகிரிக்கு ஏற்றிவிட்டுக்
காப்பிக்குப் போவேன்.
திரும்பி வரும்போது ஆள் தயார்.

தலை உண்டு, முகம் கிடையாது.
உடம்பெங்கும் நூற்றெண்பது துளைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஓர் எண்.
அறுபத்திரண்டு இடது அக்குள்.
அடிக்கடி அடைத்துக்கொள்ளும்,
ஊசி விட்டுக் குத்தவேண்டும்.
பூரோஸ் நகரத்தில்
இவனைவிட ஒழுங்காக வியர்ப்பவர்
யாருமில்லை.

இந்த வாரம் சாம்பல்நிறச் சட்டை.
துணி நெடுக மீன்செதில்போல்
சின்னச் சின்ன இமைகள்.
ஈரம் பட்டால் திறக்கும்,
உலர்ந்தால் படுத்துவிடும்.
பேட்டரி இல்லை, கம்பி இல்லை.
இரண்டு வகை இழை, முதுகோடு முதுகு.
உள்ளே இருப்பது நீரைக் குடித்து நீளும்,
வெளியே இருப்பது மசியாது.
அவ்வளவுதான் சூட்சுமம்.

"பைன் கூம்பிடம் கற்றது" என்றான் செர்தார்,
இழையைச் செய்தவன்.
நான் வரும் பாதையெல்லாம் பைன் கூம்புதான்,
மழைக்கு வாயை இறுக்கிக்கொண்டு.
"அது நனைந்தால் மூடுமே?"
"திருப்பிப் போட்டோம்" என்றான்,
சட்டையைச் சொல்வதுபோல.

எனக்கு ஐம்பத்தொன்று.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில்,
பட்ஜெட்டின் மூன்றாம் பக்கத்தில்,
மார்புக்குள் யாரோ அடுப்பைத் திருகினார்கள்.
கழுத்துக்கு ஏறி, காதுக்கு ஏறி,
மேலுதட்டில் முத்துக் கட்டியது.
வெளியே மைனஸ் ஆறு.
ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிய மேலாளர்
"உடம்புக்கு ஏதாவதா, ஆன்னெலி?" என்றார்.
"காப்பி சூடு" என்றேன்.
கோப்பை காலியாயிருந்ததை
அவர் பார்த்திருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு
ஹால்வார்டுக்கு ஒரு புதுச் சோதனை எழுத
உட்கார்ந்தேன்.
திரை கேட்டது, என்ன செயல் என்று.
நடத்தல். ஓடுதல். படி ஏறுதல்.
சுமை தூக்குதல். தீயணைத்தல்.
வியர்ப்பதற்கு ஐந்து நியாயமான காரணங்கள்.
பட்ஜெட் கேட்டபடி உட்கார்ந்திருத்தல்
அதில் இல்லை.
கடைசியில், மங்கின எழுத்தில், மற்றவை.
அழுத்தினேன்.

நேரம், நாலு நிமிடம்.
தொடக்கம் மார்பு, பிறகு கழுத்து, பிறகு முகம்.
முகம் இல்லையே என்று
தலை எனத் திருத்தினேன்.
இரண்டாம் நிமிடத்தில் உச்சம்.
முன்னறிவிப்பு கிடையாது.
அதற்குப்பின் வரும் நடுக்கத்துக்கு
அவனிடம் மோட்டார் இல்லை.
விட்டுவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நாற்காலியில் சாத்திவைத்த ஹால்வார்ட்
ஒன்றுமே செய்யாமல்
வியர்க்கத் தொடங்கினான்.
எண் பதினேழு. இருபது. இருபத்தொன்று.
மார்பில் ஓர் இமை எழுந்தது.
அருகே இன்னொன்று.
பிறகு கூட்டமாக,
கோழி உடம்பைச் சிலிர்த்துக்கொள்வதுபோல.
தராசில் எண்கள் கிராம் கிராமாக இறங்கின.
நான் விளக்கைப் போடவில்லை.
யாராவது பார்த்தால்
எங்கள் இருவரையும் என்ன நினைப்பார்களோ.

மறுநாள் செர்தார் வரைபடத்தை நீட்டினான்.
"இதென்ன மலை? இப்படி யாருக்கு வியர்க்கும்?"
"உன் அம்மாவுக்கு" என்றேன்.
வசவென்று எடுத்துக்கொண்டான் முதலில்.
அப்புறம் ரொம்ப நேரம்
அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிக்கையில் கடைசி வரி இது.
வந்த மாதிரிகள் இரண்டு, திரும்பியது ஒன்று,
மற்றது சோதனையில் உள்ளது.

ஹால்வார்டின் அளவு,
எனக்குத் தோள் தொளதொள.
கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு
அதன்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
கூட்டத்துக்குப் போனேன்.