கடல் தெரியாத அறை

சட்டையில் குத்தியிருக்கும் பெயர்
என்னுடையது அல்ல.
சதீஷ் எனக்கு முன்பு இந்த மேசையில் இருந்தவன்.
வில்லையை விட்டுவிட்டு மஸ்கட் போனான்.
புதிது அடிக்க நூற்றியிருபது ரூபாய் ஆகும் என்றார் மேனேஜர்.
எட்டு மாதமாக
சதீஷ் என்றால் திரும்புகிறான் கிளீட்டஸ்.

கன்னியாகுமரியில் நாங்கள் விற்பது அறையை அல்ல.
நேர்க்கிழக்கு ஜன்னல் இரண்டாயிரத்து நானூறு,
சாய்ந்த கிழக்கு ஆயிரத்து எண்ணூறு.
முன்னூற்று நான்கில்
எதிர் லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிக்கும்
செல்போன் கோபுரத்துக்கும் நடுவே
ஒரு சாண் கடல் உண்டு.
கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாயுங்கள் என்று
மூன்று மொழியில் சொல்லத் தெரியும் எனக்கு.

ஆதார் நகல், முன்பணம்,
வெந்நீர் ஐந்திலிருந்து ஏழு வரை,
மொட்டைமாடியில் துணி காயப்போடக் கூடாது,
சூரியன் ஆறு பத்துக்கு.
அந்தக் கடைசி வரிக்கு மட்டும்
நானே ஏற்பாடு செய்ததுபோல ஒரு குரல்
தானாக வந்துவிடுகிறது.

அன்று இரவு பத்தரைக்கு
ஜவுளிக்கடைப் பை ஒன்றுடன்
தனியாக வந்தாள் அவள்.
தனியாக வருகிறவர்களுக்கு அறை கிடையாது,
எங்கும் எழுதி வைக்காத சட்டம்.
ஃபுல் என்று சொல்ல
வாய் பாதி திறந்துவிட்டது.

"கடலு தெரியாத ரூம் ஒண்ணு உண்டுமா மக்கா?"

மூன்று மொழியிலும் இதற்குப் பதில் இல்லை என்னிடம்.

"சத்தமும் கேக்கப்பிடாது."

நூற்றியெட்டு இருக்கிறது.
ஜன்னலைத் திறந்தால் சுவர்,
சுவரில் பக்கத்து ஓட்டலின் எண்ணெய்ப் புகை.
டிரைவர்களுக்குக் கொடுப்போம்,
அவர்களும் காரிலேயே படுத்துக்கொள்வார்கள்.
"கரண்டு போனா ஜெனரேட்டர் கத்தும்க்கா."
"அது கத்தட்டும்."

அட்டையில் ததேயம்மாள்,
நாற்பத்தாறு, இரவிபுத்தன்துறை.
அங்கே வாசலுக்கும் அலைக்கும் நடுவே
ஒரு ரோடுதான்.
சில ஆடிமாதங்களில் அதுவும் இராது.

பதிவேட்டில் ஏழாவது கட்டம்: வந்த காரணம்.
பேனாவை அதன்மேல் ஊன்றியபடி நின்றாள்.
மை ஒரு புள்ளியாகி
புள்ளி கொஞ்சம் பெரிதானது.
நோட்டை என் பக்கம் திருப்பி
சுற்றுலா என்று நானே எழுதினேன்.
மேலே இருபத்தாறு சுற்றுலா,
இது இருபத்தேழு.
வாசித்துப் பார்த்தாள்.
சாவியை வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு ஒருமுறை, இரண்டுக்கு ஒருமுறை
வாளியைத் தேடுகிறவன்போல
அந்த வராந்தாவில் நடந்தேன்.
கதவடியில் வெளிச்சம்.
மூன்றேகாலுக்கு வெளிச்சம் இல்லை,
காதை வைத்தேன்.
குறட்டை.
ஒரு குறட்டைக்காக மாதாவுக்கு நன்றி சொன்னவன்
இந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.

ஐந்து இருபதுக்கு எல்லா அறைக்கும் மணியடித்தேன்,
நூற்றியெட்டைத் தவிர.
போர்வைகளும் போன்களுமாக மாடி நிறைந்தது.
ஆறு பத்து. ஆறரை.
மேகம்.
ஏழுக்குப் பிறகு இறங்கி வந்தார் நாசிக்காரர்,
பின்னால் மனைவி, மச்சினன், தூங்கும் குழந்தை.
சூரியன் வரவில்லை,
கிழக்குக்கு வாங்கிய அறுநூறைத் திருப்பிக் கொடு.
புகார் நோட்டைக் கேட்டு வாங்கி
அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினார்.
எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில்
நாளை வரும் என்று போட்டேன்.

அந்தச் சத்தத்துக்கு ஊடே
மேசைமேல் சாவி வந்து விழுந்தது.
முகம் கழுவி, தலைவாரி,
"நல்லா உறங்கினேன்" என்றாள்.
என் கழுத்தைப் பார்த்தாள், பிறகு வில்லையை.
"உத்தரியம் போட்ட சதீஷ இப்பம்தான் பாக்கேன்."
சொன்னேன்.
"கிளீட்டஸ்" என்றாள்,
சில்லறையை எண்ணிப் பார்க்கிறவள்போல.

மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு எந்த வழி என்று கேட்டாள்.
கடற்கரை ரோட்டில் போனால் எட்டு நிமிடம்.
நான் வாசலுக்கு வந்து
சங்குக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தைக் காட்டினேன்,
மீன்வண்டிகள் நிற்கும் முக்கு, பள்ளிக்கூட மதில்,
அப்புறம் வலது கை.
இருபது நிமிடமாவது ஆகும்.
எந்த இடத்திலும் தெரியாது.

நாசிக்காரர் மேசையைத் தட்டினார்.
சதீஷ். ஏ சதீஷ்.
கொஞ்சம் தாமதமாகத் திரும்பினேன்.