அடிக்கோட்டின் அலைச்சல்

ஒரு மில்லிவோல்ட்.
நெஞ்சு வெளியே விடுவது அவ்வளவுதான்.
அதை ஆயிரம் மடங்கு பெருக்கும் சில்லு ஒன்றோடு
நாகர்கோவில் லேபில் மூன்று வருஷம் மல்லுக்கட்டினேன்.
இரண்டு காதுகள் அதற்கு.
இரண்டிலும் ஒன்றுபோல் விழுவதைத் தள்ளிவிட்டு
வித்தியாசத்தை மட்டும் கேட்கும்.
ஆனாலும் டியூப்லைட்டின் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல்
எப்படியோ உள்ளே வந்துவிடும்,
அழைக்காத கல்யாணத்தில் முதல் பந்திக்கு உட்காருகிறவர் மாதிரி.

கரண்டு கம்பி இல்லாத இடமாய்ப் பார் என்றாள் ஷெர்லின்.

பொன்மனைக்கு மேலே ரப்பர் காடு. விடிகாலை மூன்று மணி.
நெற்றியில் விளக்கோடு கமலபாய்.
மார்பில் பட்டையைக் கட்டும்போது கேட்டார்:
"இது ஷாக்கடிக்குமா பிள்ளே?"
இல்லக்கா, நீங்கதான் இதுக்குக் கரண்டு குடுக்கீங்க.
"எனக்க வீட்டுக்கே பில்லு கெட்ட ஒக்கல்ல,
இதுக்கும் நானா?"

பிறகு பேச்சில்லை.
சரக், சரக்.
சாய்வாய் ஒரு கீறல், சிரட்டையில் முதல் சொட்டு,
அடுத்த மரத்துக்கு ஆறு எட்டு.
வேர்வையில் மின்முனை நன்றாக ஒட்டிக்கொண்டது.
லேபில் அதற்குப் பசை வாங்க பில் போட வேண்டும்.

அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதெல்லாம் குப்பை
என்று படித்திருக்கிறோம்.
மூச்சு, குனிதல், தோளசைவு.
அடிக்கோட்டின் அலைச்சல் என்று பெயர், வடிகட்டிவிடுவோம்.
ஒரு ராத்திரி வடிகட்டியைப் போட மறந்தேன்.

கோடு ஏறி இறங்கியது.
பிறகு மட்டமாய் ஏழு விநாடி.
மறுபடி ஏறி இறங்கியது.
மறுபடி மட்டம்.
முனை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.
ஆனால் மட்டத்தின் மேல் துடிப்புகள்
ஒன்று தப்பாமல் நடந்துகொண்டிருந்தன.

அப்புறம் ஞாபகம் வந்தது.
கத்தி இறங்கும்போதெல்லாம் அவர்
மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
ஒரு நூல் ஆழமானால் மரத்துக்குக் காயம்,
ஒரு நூல் மேலானால் பால் இல்லை.

எண்ணச் சொல்லி நாலு வரி நிரல் எழுதினேன்.
முந்நூற்று நாற்பத்தொன்று.
அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.
கணக்கப்பிள்ளையின் நோட்டில்
ஒரு பிளாக்குக்கு முந்நூறு மரம். கூலியும் முந்நூறுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவரிடம்
இதயம் நல்லாயிருக்கு என்று தொடங்கினேன்.
"அது அறியிலாம்" என்றார்.
எண்ணைச் சொன்னேன். முகம் மாறவில்லை.
"ஓடைக்கரையில ஒண்ணு பட்டுப்போச்சு,
இல்லெங்கி நாப்பத்திரெண்டு.
பன்னெண்டு வருஷமா சொல்லுதேன்.
நாஞ் சொன்னா அது வாய்க்கணக்காக்கும்.
இதுல எழுத்திலயா இருக்கு?"

ஒப்புதல் படிவத்தின் நான்காம் பத்தி
இதய ஆய்வுக்கு மட்டும் என்கிறது.
மூன்று தடவை வாசித்தேன்.
கீழே இருப்பது அவருடைய கையெழுத்து,
மேலே ஓடுவது அவருடைய மூச்சு.
பதினோரு பக்கம் அச்சடித்துக் கொண்டுபோனேன்,
ஒவ்வொரு மட்டத்துக்கும் கீழே ஒரு எண்.

ஆய்விதழுக்கு அனுப்பிய படத்தில்
வடிகட்டி போட்டிருக்கிறது. கோடு அலைவதே இல்லை.
நடுவர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

கமலபாய் பக்கங்களைப் புரட்டினார்,
கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.
"கணக்கப்பிள்ளைக்கு இத்துணூண்டு எழுத்து தெரியாது.
இதைக் கொஞ்சம் பெருசாக்க ஒக்குமா?"

குலசேகரம் ஜெராக்ஸ் கடையில்
எத்தனை மடங்கு என்று கேட்டான் பையன்.
நான் வாயைத் திறப்பதற்குள்
இரண்டு போதும் என்றார்.