முப்பத்தைந்து

வெளியே மைனஸ் முப்பத்தைந்து.
வாளியில் கலக்கிய நீரில்
ஆயிரத்துக்கு முப்பத்தைந்து.
விரல் நீளக் குழலில் ஒரு சொட்டு விட்டு
சமையலறை விளக்குக்கு நேரே தூக்கி
ஒற்றைக் கண்ணால் பார்க்கிறேன்.
மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவே ஒரு கோடு.
சஸ்கட்டூனை விட்டு அதிகம் நகராத நான்
கடலுக்கென்று பார்த்த தொடுவானம்
இது ஒன்றுதான்.

பகலெல்லாம் நகராட்சி லாரியில்
பாலங்கள் மேல் உப்பு இறைக்கிறேன்.
எட்டு டன், ஒன்பது டன்.
கூடக்குறைய விழுந்தால் யாரும் கேட்பதில்லை.
இரவில் மாவு நிறுக்கும் தராசில்
கிராம் கிராமாக.
"டிப்போவில் மலையாய்க் குவிந்திருக்கிறதே,
நீ காசு கொடுத்தா வாங்கினாய்?"
ஒரெஸ்ட் சிரித்ததில்
காபி அவன் மூக்கில் ஏறியது.

பாறைகள் விமானத்தில் வந்தன,
ஈரச் செய்தித்தாளில் சுற்றி.
தெரியாத மொழியில் ஒரு கல்யாணச் செய்தி,
மணப்பெண் கன்னத்தில் பாசி.
அடுக்கினேன், சரிந்தது, மறுபடி அடுக்கினேன்.
முழங்கை வரை நனைந்த சட்டையோடு
இரண்டு மணிக்குத் தூங்கப் போனேன்.

கீழ்வீட்டு ஹலினா வொய்ச்சுக்
மறுநாளே படியேறி வந்தார்.
"எத்தனை கிலோ?"
சொன்னேன்.
"அதன் நேர் கீழேதான் என் கட்டில்" என்றார்,
வேறொன்றும் சொல்லாமல் இறங்கினார்.
கட்டிலை நகர்த்தும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.

பிறகு நாற்றம்.
அழுகிய ஏதோ ஒன்று, எங்கோ ஒரு துளைக்குள்.
சோதனைக் குழாயில் எட்டுச் சொட்டு,
இன்னொரு புட்டியிலிருந்து எட்டு, குலுக்கி,
ஐந்து நிமிஷம்.
மஞ்சள் என்றால் மீன் விடலாம்.
பன்னிரண்டு நாளும் பச்சை.
நஞ்சைத் தின்று வாழும் ஒன்று
கண்ணில் படாமல் பாறைக்குள் குடியேற வேண்டுமாம்.
வந்துவிட்டதா என்று
கதவு தட்டியா கேட்பது?
மூன்றாம் வாரம் வெள்ளை மணலெல்லாம்
துருப்பிடித்த பழுப்பு.

வாரம் விட்டு வாரம் வரும் மகள் ஒடெட்
கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள்.
"மீன் எங்கே?"
"இன்னும் இல்லை."
"அப்போ விளக்கு யாருக்கு?"

புயலடித்த இரவில் மின்சாரம் போனது.
அதே நிமிஷம் டிப்போவிலிருந்து அழைப்பு:
மருத்துவமனைச் சாலை, உடனே.
தொட்டிக்கு ரஜாயைச் சுற்றினேன்.
அதன் மேல் என் பழைய பார்க்கா, ஜிப்பையும் இழுத்துவிட்டேன்.
ஆளில்லாத கடலுக்குக் கோட்டு மாட்டிவிட்டு
இறங்கும்போது
ஹலினாவின் கதவைத் தட்டினேனா,
அவரே திறந்தாரா, நினைவில்லை.
இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே போகக்கூடாது
என்று மட்டும் சொன்னேன்.

ஆம்புலன்சுகளுக்கு முன்னால்
ஊர்ந்தேன் ஆறு மணி நேரம்.
பின்னால் உப்பு விழுந்தபடியே இருந்தது.
நான் எண்ணியது டிகிரியை.
இருபத்து மூன்று இருக்கும். இருபத்திரண்டு.
வானொலியில் யாரோ என் பெயரை
இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

விடிந்து வந்தபோது
ஒரே ஒரு மெழுகுவர்த்தி.
தொட்டியில் பால் புட்டி, ஊறுகாய் புட்டி,
ஒரு வோட்கா புட்டியும் மிதந்தன,
உள்ளே அவர் அடுப்பில் காய்ச்சிய வெந்நீர்.
ஹலினா நாற்காலி போட்டு உட்கார்ந்து
சூப் கரண்டியால் மொண்டு
உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்,
காற்று கலக்கட்டும் என்று.
யார் சொல்லிக்கொடுத்தார்கள்
என்று நான் கேட்கவில்லை.

"இதில் ஒன்றுமே இல்லை என்றாயே" என்றார்.
"இருக்கிறது. மயிரிழை போல.
அந்தக் கல்லுக்கு அடியிலிருந்து
கையை நீட்டி நீட்டி எதையோ துழாவியது.
நட்சத்திரத்துக்கு இருக்குமே, அப்படி ஐந்து.
நான்கரை. ஒன்று பாதிதான்."

குனிந்தேன். எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் என் பூட்ஸைப் பார்த்தார்.
கணுக்கால் வரை வெள்ளைக் கோடு,
அலை வந்து நின்று திரும்பியது போல.
கரண்டியால் வாசலைக் காட்டினார்.
"வெளியே கழற்று.
அந்த உப்பு இங்கே ஆகாது."