பகலில் மட்டும்

பகலில் போகலாம்.
கூரைப் பனியைத் தள்ளலாம்,
குழாய் வெடித்திருந்தால் அடைக்கலாம்.
இரவு மட்டும் தங்கக் கூடாது.
ஆணையை மூன்று முறை படித்தேன்.
கதவு என்னுடையது, சாவி என்னுடையது,
என் கட்டிலில் என் தூக்கம் மட்டும்
குற்றம்.

ஒஸ்லோவிலிருந்து நான்கு மணி நேரம்.
பின்னிருக்கையில் ஒரு பை ஆரஞ்சு;
மலையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்காமல்
எங்களுக்கு ஈஸ்டர் வராது.
வழியெல்லாம் வழக்காடிக்கொண்டே வந்தேன்:
பத்தொன்பது வருடம் வரி கட்டியவள்,
தனியாக இருக்கத்தானே போகிறேன்,
என்னைவிடத் தனிமை பழகியவள் யார்,
கனம் கோர்ட்டார் அவர்களே?
டிராம் ஓட்டுகிறவளுக்கு
எதிரில் ஆளில்லாமல் பேசுவது கஷ்டமில்லை.

யாரும் வரவேண்டாம் என்ற ஊரில்
யாரோ என் வாசல்வரை
பனி வெட்டிப் பாதை விட்டிருந்தார்கள்.

கூரையில் இடுப்பளவு பனி.
தள்ளி முடித்தபோது தோள் என்னுடையதாக இல்லை.
அடுப்பை மூட்டி
ஈரக் கையுறையைக் கம்பியில் போட்டு
ஐந்தே நிமிடம் என்று சாய்ந்தேன்.

ஜன்னலில் தட்டுகிற சத்தம்.
ஷூர். பனிவண்டிக்காரன்.
இரண்டு மீட்டர் தள்ளி நின்று
சறுக்குக்கோலை நீட்டித் தட்டியிருக்கிறான்.
"தூங்கிட்டீங்க."
அவனுக்குப் பின்னால் மலை நீலமாகியிருந்தது.

கோர்ட்டாரிடம் சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னேன்.
கேட்டுக்கொண்டான்.
"நாங்க தொள்ளாயிரம் பேர். ஈஸ்டருக்கு ஆறாயிரம்.
டோர்டிஸ் வேலை செய்யிற இடத்துல
ஆக்சிஜன் மூணு பேருக்கு."
மூன்று விரல் காட்டினான்.
தடித்த கையுறைக்குள்
எல்லா விரலும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

போகத் திரும்பியவன் நின்றான்.
"நீங்க வராட்டி எனக்கும் பிழைப்பில்ல.
நாப்பத்தாறு வீடு. அதுதான் என் டீசல்,
என் பொண்ணோட பல்லுக் கம்பி.
இந்த மாசம் ஒருத்தரும் காசு போடல.
பாதைய எதுக்கு வெட்டுறேன்னு எனக்கே தெரியல."

நானும் போட்டிருக்கவில்லை.

ஆரஞ்சுப் பையைப் படியில் வைத்துப் பின்வாங்கினேன்.
அவன் முன்வந்தான்.
ஒரு பழம் மட்டும் எடுத்தான்.
"எல்லாத்தையும் கொண்டுபோனா
சோப்புப் போட்டுக் கழுவணும். டோர்டிஸ் திட்டுவா."

கட்டை பாதிதான் எரிந்திருந்தது.
அடுப்புக் கதவை இறுக்கிவிட்டு இறங்கினேன்.

ஊரெல்லைப் பலகையைத் தாண்டி இருபது மீட்டரில்
வண்டியை ஓரங்கட்டினேன்.
போனில் ஷூருக்குப் பணம், மார்ச்சும் ஏப்ரலும்.
குறிப்பு எழுதக் கேட்டது.
வெகுநேரம் யோசித்து
'பனி' என்று எழுதினேன்.

பிறகு ஸ்டீயரிங்மீது தலைவைத்துத் தூங்கினேன்.
இந்த இடத்தைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை.
மேலே வீடு
இன்னும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கும்.
எலிகளுக்குத் தடையில்லை.