பதினொன்றே கால்

காகிதப்பட்டறை நாலாவது குறுக்குத் தெரு
டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள்.
பசை காயுமுன்னே ஓர் ஆடு
மேல் மூலையைத் தின்றுவிட்டதால்
எந்தத் தேதியிலிருந்து என்பது தெரியவில்லை.
மிச்சம் இருந்தது:

மக்கும் குப்பை திங்கள், புதன், வெள்ளி.
மக்காத குப்பை செவ்வாய் மட்டும்.
காலை ஆறரைக்குப் பதிலாகப்
பதினொன்றே கால்.
ஒத்துழைப்பு நல்கவும்.

பதினொன்றே காலுக்கு
இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்?
லாட்ஜில் தங்கிய வங்காளத்துக்காரர்கள்
டோக்கனோடு ஆஸ்பத்திரி வரிசையில்.
ஹாஜிரா டீச்சர் ஏழாம் வகுப்பில்.
நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
பெயரும் வயதும் எழுதிச்
சீசாக்களில் ஒட்டிக்கொண்டு.
வெயில்தான் வீட்டில் இருக்கும்.
வேலூர் வெயில்
ஒரு மீன் செதிலை
அரை மணியில் தெரு முழுக்கச் சொல்லிவிடும்.

ஆறரைக்கு வந்தவரை தேசம்மா வந்தார்.
விசில் ஊதமாட்டார்.
வண்டியின் பாட்டை நிறுத்திவிட்டு
கேட்டில் இரண்டு தட்டு.
வாளியை வாங்கும்போதே
கைக்கு எடை தெரிந்துவிடும்.

கார்த்திகையில் ஒருநாள் குலுக்கிப் பார்த்தார்.
"இன்னா சார், பூ நாரக் காணோம்,
சீப்புல சுத்துன முடியக் காணோம்.
பத்து நாளா ஒராள் குப்பதான் வருது."

நான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்:
குமுதவல்லி ஆரணியில் இருக்கிறாள்,
அவள் அப்பாவுக்கு முழங்கால்.
ஹாஜிரா டீச்சர் நம்பினார்.
என் அண்ணன் நம்பி,
மூட்டுவலித் தைலம்கூட வாங்கி அனுப்பினான்.
பரோட்டா கட்டின இலையும்
ஒற்றை முட்டையோடும்
தேசம்மாவிடம் வேறு சொல்லியிருக்கின்றன.
அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.
வாளியைத் திருப்பித் தரும்போது மட்டும்
கவிழ்த்துத் தட்டி,
அடியில் ஒட்டியதையும் வழித்துவிட்டுத் தந்தார்.

இப்போது அவரைச் சத்துவாச்சாரிக்கு மாற்றிவிட்டார்கள்.
எங்கள் கதவில் ஒரு சதுரம்,
கொட்டிவைத்த எள்ளுப்போல் கறுப்புப் புள்ளிகள்.
புதுப் பையன் போனைக் காட்டினால் கூவுகிறது.

முதல் செவ்வாய்
ஒரு பாட்டியம்மாவின் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது
என் சட்டைப்பையில் செய்தி வந்தது:
வீட்டு எண் 26. குப்பை பெறப்பட்டது. நன்றி.
சாயந்தரம் போய்ப் பார்த்தால்
பை கேட்டிலேயே தொங்குகிறது,
பூனை போட்ட ஓட்டையோடு.

லாட்ஜ் மேனேஜர் நித்தியானந்தம்
மனு எழுதலாம் என்றார்.
எழுதினோம்.
பதினாலு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
அதற்கும் செய்தி வந்தது:
பெறப்பட்டது. நன்றி.

மூன்றாவது செவ்வாய் லீவு போட்டேன்.
குப்பைக்கு லீவா என்று சூப்பர்வைசர் சிரித்தார்.
காலையிலேயே அலமாரியைத் திறந்து பிரித்தேன்:
பல் உடைந்த கிளிப்,
வளையல் டப்பா,
பாதி தீர்ந்த முகப்பவுடர்,
ஆரணி பஸ் டிக்கெட் இரண்டு.
கண்ணாடிக்குப் பின்னால்
சருகாகிப் போன ஒரு முழம் கனகாம்பரம்.
எல்லாவற்றையும் நீல வாளியில் போட்டேன்.

பையன் பதினொன்றே முக்காலுக்கு வந்தான்.
வியர்வை போன் திரையில் சொட்டியது.
"சார், வீட்டுல ரெண்டு பேருன்னு
லிஸ்ட்ல இருக்குது. கரெக்டா?"

தேசம்மாவிடம்
நான் வாயைத் திறந்து சொல்ல நேர்ந்ததே இல்லை.

"ஒருத்தர்" என்றேன்.

நிமிராமல் திருத்தினான். கூவியது.
பிறகு வாளியைக் கிளறி,
கனகாம்பரத்தை மட்டும் இரண்டு விரலால் எடுத்து
என் கையில் வைத்தான்.

"இது மக்கும் சார்.
நாளைக்குக் குடுங்க."

நாளைக்கு எனக்கு லீவு இல்லை.