எஞ்சின் நின்ற இரவு

எங்களை எழுப்பியது சத்தம் அல்ல.
சத்தம் போனது.

மூன்று பத்துக்கு,
வான்கூவரை விட்ட ஒன்பதாம் நாள்,
ஐம்பத்தோராயிரம் டன் கோதுமையோடு
அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே எங்கோ
ஐந்தாம் சிலிண்டர் இருமியது.
பிறகு எதுவுமில்லை.
ஆட்டும் கை நின்றதும் விழித்துக்கொள்ளும்
தொட்டில் பிள்ளையாக
இருபத்தொரு பேரும் ஒரே நொடியில் கண் திறந்தோம்.

கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க முடிவதில்லை.
அந்த இரைச்சலில் எப்படித் தூங்குகிறாய் என்பாள்
இலோயிலோவில் என் மனைவி லூர்தீனா.
இரைச்சல் காதில் இருந்தால்தானே.
அது பல்லில் இருக்கிறது,
தேநீரின் மேல் வட்டங்களாக இருக்கிறது,
மூக்குக்கண்ணாடியின் திருகில்.
விடுப்பில் போன முதல் வாரம்
நான் தூங்குவதற்காக
துணி எதுவும் போடாமல்
சலவை எந்திரத்தை ஓடவிடுவாள்.

கீழே ஓடினேன், நான்கு மாடி இரும்புப் படி.
ஜெனரேட்டர் இரைந்துகொண்டுதான் இருந்தது,
ஆனால் அது பக்கத்து வீட்டு இரைச்சல்.
தெங்கிஸ் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தான்.
அவன் பெயருக்கு ஏதோ ஒரு மொழியில்
கடல் என்று பொருளாம்.
நீச்சல் தெரியாது.
வால்வு போச்சு, என்றான்,
மேல் கிடங்கிலிருந்து வளையங்களைக் கொண்டுவா,
ஓடாதே, இரும்புக்குக் காய்ச்சல் இறங்க
இன்னும் நேரம் இருக்கிறது.

அதனால் நடந்தேன்.
அலைக்கு விலா காட்டித் திரும்பியிருந்தது கப்பல்.
நடைபாதையில் ஒரு தோள் இந்தச் சுவரில்,
மறு தோள் அந்தச் சுவரில்.
நிகனோரின் கதவுக்குப் பின்னால் முணுமுணுப்பு.
ஜெபம் என்று நினைத்தேன்.
இருபத்திரண்டு மூட்டை சிமெண்ட்,
கம்பி, ஜன்னல் இரண்டு, கொத்தனார் கூலி,
மறுபடி இருபத்திரண்டு மூட்டை.
பயிற்சிக்கு வந்த பையன் இராக்லி
ஏழு நொடிக் குரல்பதிவு ஒன்றைத்
திரும்பத் திரும்ப ஓட்டினான்:
ஒரு நாய் குரைக்கிறது,
ஒரு பெண் அதை அதட்டுகிறாள்.
முதல் அதிகாரியின் அறையில்
கண்ணாடிக் குவளையில் பல்செட் விழும் ஓசை.
நாற்பது வயதுதான் அவருக்கு.
நாலு மாதமாய் அவர் சிரிக்காததற்கு
நாங்கள் என்னென்னவோ காரணம் சொல்லியிருந்தோம்.

மேலே கேப்டன் வெறுங்காலோடு நடந்தார்.
ஒரு மணி நேரத் தாமதம் எத்தனை டாலர் என்று
அந்தப் பாதங்களுக்குத் தெரியும்.

கிடங்கு, வளையங்கள், சரிபார்த்தேன், ஆறு.
உடனே இறங்கியிருக்கலாம்.
சுவரில் காது வைத்தேன்.
அந்தப் பக்கம் கோதுமை
ஓர் ஊரே உறக்கத்தில் புரண்டு படுப்பதுபோல்
ஒருமுறை அசைந்து அடங்கியது.
அதற்கும் அப்பால் கடல்.
இத்தனை நாள் அதன் மேலேயே இருந்தும்
அதன் குரலை அன்றுதான் கேட்டேன்.
பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே ஆள் இருக்கிறதா என்று
தகரத்தைத் தட்டிப் பார்த்தது.

பிறகு இரண்டு மணி நேரம் நாங்கள் வெறும் கைகள்.
சங்கிலி, கொக்கி, எண்ணெய், கெட்ட வார்த்தை.
எலி கொறித்த ரொட்டியாய் ஓரம் தின்றுபோன
பழைய வால்வைத் தூக்கிக் கிடத்தினோம்.
முழங்கைக்குக் கீழே எனக்கொரு சூடு,
இப்போதும் இருக்கிறது, பிறை வடிவில்.

ஐந்து நாற்பத்துநாலுக்குக் காற்று சீறித் தள்ள,
ஒன்று, இன்னொன்று,
பிறகு எல்லாம் சேர்ந்து
பல்லுக்குள் வந்து உட்கார்ந்தது.
சிமெண்ட் மூட்டை, நாய், குவளை
எல்லாவற்றின் மீதும் மூடி விழுந்தது.

காலையில் சமையல்காரர் முட்டை வைத்தார்.
முதல் அதிகாரி ரொட்டியைப்
பாலில் நனைத்துத் தின்றார்.
நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.
ராத்திரி என்ன ஆச்சு, இராக்லி கேட்டான்.
வால்வு, என்றேன்.
நிகனோர் உப்பைத் தள்ளினான்.

பதிவேட்டில் மூன்றே வரி:
நின்ற நேரம். ஓடிய நேரம்.
இடையில் கப்பல் தானாய் நகர்ந்த தூரம்
மூன்று மைல், கிழக்கே.
எங்களில் ஒருவர் வீடும்
அந்தத் திசையில் இல்லை.