தாளில் இல்லாதது

பெர்கனில் மழை விட்ட நாளைத்தான் பேசுவார்கள்.
படகுத்துறையில் கயிறு பிடிக்கும் தோருன்
முப்பது வருடம்
சட்டைநுனியால் கண்ணாடி துடைத்தாள்.

"வலிக்காது, அழுத்தும்" என்றான் செவிலியன் ஐவிந்த்.
இமை மூடவிடாமல் ஒரு சின்னக் கம்பி.
பச்சைப் புள்ளியைப் பார்.
கரைந்தாலும் அங்கேயே பார்.

கரைந்தது.
முடி பொசுங்கும் வாடை,
தன் கண்ணிலிருந்துதான்.
இருபத்திரண்டு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

பிற்பகல் முழுக்க வெங்காயம் உரித்த எரிச்சல்.
பிளாஸ்டிக் மூடிக்குள் தூங்கினாள்.

விடிந்ததும் ஜன்னலில் ஒரு துளி,
அதன் பின்னால் இன்னொரு துளி,
அதற்கும் பின்னால்
எதிர்மலையில் ஒற்றை பிர்ச் மரம், இலை இலையாக.
விரல் தானாக மூக்குத்தண்டுக்குப் போய்
வெறும் தோலைத் தள்ளியது.

கண் வறளும், கசக்கக் கூடாது,
கொஞ்ச நாள் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும்.
எல்லாம் தாளில் இருந்தது.

யோஸ்டெய்னோடு சண்டை முற்றினால்
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள்.
அவன் முகம் மங்கிவிடும்.
பிறகு எதையும் சொல்லலாம்.

மூன்றாம் இரவு
கை எழுந்தது. கழற்ற ஒன்றுமில்லை.
அவன் கீழுதடு நடுங்குவதைப்
பதினோரு வருடத்தில்
முதன்முதலாகப் பார்த்தாள்.

"சொட்டுமருந்துக்கு நேரமாச்சு" என்று
எழுந்து போனாள்.